நீர்வரத்தும் நாட்கூலியும்: பாப்பாரப்பட்டி – ஒகேனக்கல் வட்டாரத்தில் சுற்றுலாவும் உள்ளூர் மக்களும்

ஆய்வுச் சுருக்கம்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த ஒகேனக்கல், பயணிகள் பெருந்திரளாக வந்து செல்லும் அருவித்தலம். அதே வட்டத்திலுள்ள பாப்பாரப்பட்டி, விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைக் கொண்ட பேரூர். முன்னதில் சுற்றுலா பலருக்கு நாட்கூலி தருகிறது; பின்னதில் நினைவுச் சின்னம் இருந்தும் வாழ்வாதாரமாகச் சுற்றுலா வளரவில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து, வறிய வட்டாரம் ஒன்றில் சுற்றுலா உள்ளூர் மக்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வருவோர் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் சுற்றுலாவின் பயனை அளத்தல் போதாது; தொழில் நடவாத நாட்கள் எத்தனை, அந்நாட்களின் இழப்பைச் சுமப்பவர் யாவர் என்பனவும் அளவைகளாக வேண்டும் என்பது இதன் கருத்து. காவிரி நீர்ப்பங்கீட்டின் மாதவாரி அட்டவணை அக்கருத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஒகேனக்கல், பாப்பாரப்பட்டி, பரிசல், நீர்வரத்து, தடைக்காலம், உள்ளூர் வாழ்வாதாரம், நினைவுத்தலம்.

முன்னுரை

விருந்து என்னும் சொல் பழந்தமிழில் புதுமையைக் குறித்தது. தொல்காப்பியம் கூறும் வனப்பு எட்டனுள் ஒன்றின் பெயரும் அதுவே. புதிதாய் வந்தவர் என்னும் பொருளிலேயே வழிப்போக்கர் விருந்தினர் ஆயினர். பத்துப்பாட்டிலுள்ள ஆற்றுப்படை நூல்களில் வழிச்செல்வோர் வறியோர். வழியிலுள்ள ஊரார் அவர்க்கு உணவளிப்போர். பெரும்பாணாற்றுப்படை எயினர், ஆயர், உழவர், வலைஞர் முதலிய குடியினர் தத்தம் நிலத்து உணவைப் பாணர்க்கு அளிப்பதை வரிசையாகக் காட்டுகிறது. மலைபடுகடாம் வழியிலுள்ள இடர்களையும் உடன் எடுத்துரைக்கிறது. பயணத்தைப் பற்றிய தமிழ்ச் சிந்தனையில் ஊராரின் இடம் இவ்வாறு கொடுப்போர் இடமாக இருந்தது.

இக்காலச் சுற்றுலாவில் இவ்வுறவு இடம் மாறுகிறது. பொருளுடையவர் வருகிறார், பொருளற்றவர் ஊரில் இருக்கிறார், உணவும் வழிகாட்டலும் ஓடமும் விலைக்குத் தரப்படுகின்றன. இம்மாற்றத்தைப் பற்றிய பேச்சு தமிழகத்தில் எழும்போது மாமல்லபுரம், கோவளம், இராமேசுவரம் போன்ற கடற்கரை ஊர்களே முதலில் நினைவுக்கு வரும். கடலில்லாத தருமபுரியில் அதே சிக்கல் ஆற்றங்கரையில் நிகழ்கிறது. பருவத்தையும் நீரையும் நம்பிப் பிழைக்கும் மக்கள், வெளியாரின் வருகை, அரசின் தடையாணை ஆகிய மூன்றும் இருவிடத்தும் பொது. ஆயினும் கடற்கரைக்கு இல்லாத ஒரு கூறு ஒகேனக்கலுக்கு உண்டு. இங்கு நீரின் வரவைத் தீர்மானிப்பவை மழையோடு மேலே உள்ள அணைகளின் மதகுகளும் ஆகும். அக்கூற்றை மையமாகக் கொண்டே இவ்வாய்வு அமைகிறது.

வட்டாரத்தின் நிலை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருட்டிணகிரி அதிலிருந்து தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 இலட்சம், எழுத்தறிவு 68.5 விழுக்காடு. அவ்வாண்டில் தமிழக மாவட்டங்களுள் மிகக் குறைந்த எழுத்தறிவு இதுவே. மாநிலச் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டியிருந்தது. கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி நிலமே இங்கு மிகுதி. மழை பொய்த்த ஆண்டுகளில் பெங்களூரு, ஓசூர், திருப்பூர் முதலிய நகரங்களுக்குக் கூலி வேலை தேடிச் செல்வது இம்மாவட்டத்தார் வழக்கம்.

காவிரி கரையை ஒட்டி ஓடியும் இம்மாவட்டம் நெடுங்காலம் நல்ல குடிநீர் இல்லாது வாடியது. நிலத்தடி நீரிலுள்ள மிகுதியான புளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்தது. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானியப் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் வகுக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டபோது கர்நாடகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. 2013 மே மாதத்தில் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் அருவி வெளியூர்ப் பயணிகளுக்குக் காட்சித்தலமாகிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே அதே ஆற்றின் நீர் தருமபுரியின் ஊர்க் குழாய்களுக்கு வந்தது என்னும் கால வரிசை, இவ்வாய்வுக்கு இன்றியமையாத பின்புலம்.

ஒகேனக்கல் என்பது கன்னடச் சொல். ‘ஹொகெ’ என்பது புகை. அருவி விழுமிடத்தில் எழும் நீர்த்திவலை புகைபோல் தோன்றுவதால் அப்பெயர் அமைந்தது. இங்குக் காவிரியே இரு மாநில எல்லை. 1956இல் மொழிவழி மாநிலச் சீரமைப்பு நிகழும் வரை மேற்கரையிலுள்ள கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று அது கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அப்பகுதியிலுள்ள ஆலாம்பாடி, கோபிநத்தம் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். எல்லைக்கோடு ஆற்றின் நடுவே சென்றாலும் உறவும் தொழிலும் இரு கரையிலும் பரந்துள்ளன.

கடவிலிருந்து காட்சிக்கு: பரிசல்

பரிசல் என்பது மூங்கில் சிம்புகளால் பின்னிய வட்டக் கூடை. அடிப்புறத்தை முன்னர்த் தோலால் போர்த்தினர். பின்னர் நெகிழித் தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றன. முன்பின் இல்லாத வட்ட வடிவமும் தட்டையான அடிப்பகுதியும் பாறை நிறைந்த ஆழமற்ற நீருக்கு ஏற்றவை. ஒற்றைத் துடுப்பால் அதனைச் செலுத்தலாம். கரையேறியதும் தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம்.

பரிசலின் முதற்பணி ஆற்றைக் கடப்பித்தல். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில் நாகமரை – பண்ணவாடி, ஒட்டனூர் – கோட்டையூர் முதலிய துறைகளில் ஊர் மக்களை அக்கரைக்குக் கொண்டு சேர்க்கும் நீர்வழிப் போக்குவரத்து நெடுநாளாக நடந்து வருகிறது. அங்குப் பயணி ஊர்க்காரர், ஓட்டிக்கு அறிமுகமானவர், சந்தைக்கோ உறவினர் வீட்டுக்கோ செல்பவர். ஒகேனக்கலில் பரிசல் வேறொரு பணியை ஏற்றது. ஐந்தருவியையும் மணல்திட்டையும் பாறைகளுக்கிடையே ஓடும் நீரையும் காட்டி மீண்டும் ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவது இப்பணி. ஆற்றைக் கடத்தல் தேவையாக இருந்த நிலை மாறி, ஆற்றின் மேல் சிறிது பொழுது இருத்தல் நுகர்பொருள் ஆயிற்று.

இம்மாற்றத்தின் விளைவுகள் மூன்று. முதலாவது, வருவாய் கூடியது. ஊர்ப்பயணி தரும் சில்லறையைவிடச் சுற்றுலாப் பயணி தரும் கட்டணம் மிகுதி. இரண்டாவது, தொழில் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. உரிமம், கட்டண நிர்ணயம், ஏற்றத்தக்கோர் எண்ணிக்கை, உயிர்காப்பு அங்கி ஆகியன விதிகளாயின. பரிசல் கவிழ்ந்து பயணிகள் உயிரிழந்த நிகழ்வுகளுக்குப் பின் இவ்விதிகள் கடுமையாயின. அவை தேவை என்பதில் ஐயமில்லை. மூன்றாவது விளைவே மிகுதியும் கவனிக்கத்தக்கது. ஊர்ப்பயணியின் தேவை ஆண்டு முழுதும் நீடிப்பது. சுற்றுலாப் பயணியின் விருப்பமோ விடுமுறையையும் செய்தியையும் நீர்வரத்தையும் பொறுத்தது. தொழில் உயர்ந்த அதே வேளையில் அதன் நிலைப்பாடு குறைந்தது.

நீரட்டவணையும் விடுமுறை அட்டவணையும்

ஒகேனக்கலுக்கு வரும் நீர், அதற்குச் சற்று மேலேயுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தால் அளக்கப்படுகிறது. இரு மாநிலங்களுக்கிடையேயான நீர்ப்பங்கீட்டின் அளவிடமும் அதுவே. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் தமிழகத்துக்கு இங்கு 192 டி.எம்.சி. எனக் குறித்தது, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதனை 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி.

இத்தீர்ப்பின்படியான மாதவாரி அளவு வருமாறு: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்டு 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதந்தோறும் 2.50 டி.எம்.சி. பாசனத்தையும் குடிநீரையும் நோக்கி வகுக்கப்பட்ட இவ்வட்டவணையை ஒகேனக்கலின் தொழில் நாட்காட்டியாகவும் வாசிக்க இயலும்.

மாத அளவை வினாடிக்குரிய சராசரியாக மாற்றினால் ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 950 கன அடி; ஜூலையில் 11,600; ஆகஸ்டில் 17,100; செப்டம்பரில் 14,100; அக்டோபரில் 7,500; நவம்பரில் 5,300; டிசம்பரில் 2,700 கன அடி எனக் கிடைக்கும். ஆண்டு நீரில் 64 விழுக்காடு ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே வந்துவிடும். இவை சராசரிகளே; உண்மையான வரத்து சீராக இராது. கிருட்டிணராச சாகரும் கபினி அணையும் நிரம்பும் வரை ஆறு மெலிந்திருக்கும். நிரம்பியபின் உபரிநீர் திறக்கப்பட்டு ஓரிரு நாளில் இங்கு வெள்ளமாகும்.

இதனோடு பள்ளி விடுமுறைகளை ஒப்பிடுக. நெடிய விடுமுறை ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் வருகிறது. அப்போது நீர் மிகக் குறைவு. அருவி பேரழகு கொள்ளும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பள்ளிகள் நடைபெறுகின்றன. நீரும் பரிசலுக்குத் தகாத அளவை எட்டிவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பரிசலுக்கு ஏற்ற நீர் இருக்கிறது. அக்காலத்துக்குரியவை காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் தீபாவளியை ஒட்டிய சில நாட்களுமே. ஆக, நீரும் பயணியும் ஒருங்கே வரும் நாட்கள் ஆண்டில் சிலவே. அச்சில நாட்களின் கூட்டத்தைக் கண்டு ஊர் செழிக்கிறது என முடிவு செய்வது பிழையாகும்.

2024ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. முந்தைய ஆண்டின் பருவமழைக் குறைவால் அவ்வாண்டுக் கோடையில் காவிரி ஒகேனக்கலில் பாறைகள் தெரிய மெலிந்து ஓடியது, அருவிகள் வறண்டன. ஜூலை இறுதியில் வரத்து வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடியைக் கடந்தது. ஜூலை 30 அன்று மேட்டூர் அணை தன் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை நீடித்தது. கோடையில் நீரின்மையாலும் ஆடியில் நீர்மிகுதியாலும் ஒரே ஆண்டில் இருமுறை தொழில் முடங்கியது. 2018இலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வாரக்கணக்கில் தடை நீடித்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய கொரோனா ஊரடங்கு மூன்றாவது வகைத் தடையாயிற்று.

ஆடிப்பெருக்கு இம்முரணை வெளிப்படையாகக் காட்டுகிறது. புதுநீரை வரவேற்கும் அவ்விழா ஆடி 18இல் நிகழ்வது. ஒகேனக்கலில் அரசு விழாவாகவும் கொண்டாடப்படுகிறது. அந்நாள் ஆகஸ்டு முதல் வாரத்தில், வெள்ளம் உச்சம் தொடும் காலத்தில் வருகிறது. ஆறு நிறைந்ததற்காக விழா எடுக்கும் நாளிலேயே ஆற்றால் பிழைப்பவர் கரையில் கைகட்டி நிற்க நேர்கிறது.

தடையாணையைப் பிறப்பிப்பது மாவட்ட ஆட்சியர். அணையைத் திறப்பது அண்டை மாநில நிர்வாகம். அளவைக் குறிப்பது மத்திய நீர்வள ஆணையம். பங்கை வகுத்தது நீதிமன்றம். இந்நான்கு இடங்களிலும் பரிசல் ஓட்டிக்கு இடமில்லை. மேக்கேதாட்டுவில் 67.16 டி.எம்.சி. கொள்ளளவில் அணை கட்டக் கர்நாடகம் முன்வைத்துள்ள திட்டம் நிறைவேறுமாயின் ஒகேனக்கலின் நீர்வரத்து மேலும் ஒரு மதகைச் சார்ந்ததாகும். அத்திட்டத்தைப் பற்றிய வாதங்களில் பாசனம், குடிநீர், மின்னாற்றல், காடு ஆகியன பேசப்படுகின்றன. ஆற்றங்கரையின் நாட்கூலி அவற்றோடு வைத்து எண்ணப்படுவது அரிது.

உடலுழைப்பும் பெண்களின் அடுப்பும்

பரிசலுக்கு அடுத்துப் பலர்க்கு வேலை தருவன எண்ணெய் தேய்த்தலும் மீன் சமையலும் ஆகும். அருவிக் குளியலுக்கு முன் பயணியர்க்கு எண்ணெய் தேய்த்து உடல் பிடித்துவிடும் தொழிலாளர் ஒகேனக்கலின் தனி அடையாளம் ஆயினர். இத்தொழிலுக்கு முதல் தேவையில்லை. கையுறுதியும் பழக்கமும் போதும். அதனாலேயே நிலமற்றவர்க்கு அது எளிதில் வாய்த்தது. அதே காரணத்தால் பேரம் பேசும் வலிமையும் குறைந்தது. குளியலுக்குத் தடை வந்தால் எண்ணெய் தேய்த்தலும் உடன் நின்றுவிடும். தன் தொழிலுக்கு நேரடியான தடை எதுவும் இல்லாதபோதும் வேலையிழப்பவர் இவர்.

மீன் சமையல் பெரும்பாலும் பெண்களின் தொழில். பயணி மீனை வாங்கித் தர, கரையோரத்தில் அடுப்பு மூட்டிக் குழம்பும் வறுவலும் செய்து தருவது ஒகேனக்கலில் நிலைபெற்ற வழக்கம். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை, அரால் முதலியன இங்கு விலைப்படும் மீன்கள். சமைக்கும் பெண் மீனுக்கு உரியவர் அல்லர். கடைக்கும் உரியவர் அல்லர். சமையற் கூலிக்கு மட்டும் உரியவர். பயணி புகழ்ந்து செல்லும் சுவை அவருடையது. அதற்கென உரிமமோ பெயர்ப்பலகையோ வாய்ப்பது அரிது. உரிமம் இன்மை வேலை நாளில் இடையூறு செய்யாது. நிவாரணம் வழங்கும் நாளில்தான் இடையூறு செய்யும். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர் இழப்பை மெய்ப்பிக்க இயலாது.

இதற்கு மாறாக, விடுதி உரிமையாளரும் வாடகை வண்டி முகவரும் தடைநாட்களைத் தாங்கும் முதலுடையோர். கட்டடம் அடுத்த மாதமும் நிற்கும். உடலுழைப்போ விற்காத நாளோடு அழிந்துவிடும். சுற்றுலாவின் ஆதாயம் பலருக்குப் பகிரப்படுகிறது; அதன் இடர் நாட்கூலியர்மீது குவிகிறது. உள்ளூர் மக்கள் என ஒரே சொல்லால் குறிக்கப்படுவோர்க்குள் இவ்வேறுபாட்டைக் காணாத ஆய்வு, சராசரியைச் சொல்லித் துயரை மறைத்துவிடும்.

காடும் சரணாலயமும்

ஒகேனக்கலைச் சூழ்ந்த காடு யானை, நீர்நாய், சதுப்புநில முதலை, சாம்பல்நிற அணில் ஆகியவற்றின் வாழிடம். 2022 நவம்பரில் தமிழக அரசு தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் 686.406 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. முன்னரே அறிவிக்கப்பட்டிருந்த காவிரி வடக்குச் சரணாலயமும் அக்கரையிலுள்ள கர்நாடகச் சரணாலயமும் இதனோடு சேர்ந்து தொடர்ச்சியான காப்புப்பரப்பு உருவாயிற்று. ஆற்றின் நலனுக்கு இது நன்மை.

இதன் மறுபக்கம் மேய்ச்சல். இவ்வட்டாரத்தின் ஆலாம்பாடி மாட்டினம் காட்டு மேய்ச்சலைச் சார்ந்து வளர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் காட்டு மேய்ச்சலுக்கு விதித்த தடை, பின்னர்ச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு உரியதாகத் திருத்தப்பட்டது. காடு சரணாலயமாகுந்தோறும் பட்டி மாடு வளர்ப்பு சுருங்குகிறது. மேய்ச்சலை இழந்தவர் சுற்றுலாவை நாடுவர் என்பது எளிதில் சொல்லப்படும் தீர்வு. மேலே கண்டவாறு சுற்றுலாத் தொழில் ஆண்டின் சில நாட்களை நம்பியிருப்பதால், இத்தீர்வு நிலையான ஒரு வாழ்வுக்கு மாற்றாக நிலையற்ற ஒன்றைத் தருவதாக முடியும்.

பாப்பாரப்பட்டி: நினைவு தரும் பெயர், தராத கூலி

ஒகேனக்கலில் உழைப்பவர்க்குத் தடைநாளின் இழப்பு உண்டு. பாப்பாரப்பட்டிக்கு அவ்விழப்பும் இல்லை. இழப்பதற்கு வேண்டிய வருவாயும் இல்லை. வத்தலக்குண்டில் 1884 அக்டோபர் 4 அன்று பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் வ.உ.சிதம்பரனாருடன் திருநெல்வேலியில் தளைப்பட்டுச் சிறை சென்றவர். ‘ஞானபாநு’ இதழை நடத்தியவர். சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி, தொடர்வண்டியில் ஏறத் தடை விதிக்கப்பட்டதால் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் ஊர்தோறும் சென்றார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்துப் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப விரும்பினார். 1923இல் சித்தரஞ்சன் தாசு அதற்கு அடிக்கல் நாட்டினார். அது நிறைவேறும் முன்பே 1925 சூலை 23 அன்று சிவா அவ்வூரில் மறைந்தார். அவருக்கு நினைவு மண்டபம் எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்து, 2021இல் அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயமும் திறக்கப்பட்டது.

தமிழ் இதழியல், விடுதலை இயக்க வரலாறு ஆகியவற்றில் ஈடுபாடுடையோர்க்குப் பாப்பாரப்பட்டி ஒரு தலம். ஆயினும் அருவிக்குச் செல்லும் பயணியர் திரளில் பெரும்பகுதி இவ்வூரில் இறங்குவதில்லை. நினைவு நாளிலும் பிறந்த நாளிலும் மாலை அணிவிக்க வருவோர் அன்றே திரும்பிவிடுகின்றனர். தங்குதலும் உண்ணுதலும் பொருள் வாங்குதலும் இல்லாத வருகை ஊருக்குப் பெருமை தரும், கூலி தராது.

இவ்வூரை ஒட்டி வேறொரு நினைவும் உண்டு. இரு மாநிலக் காடுகளை நெடுங்காலம் அச்சத்தில் ஆழ்த்திய வீரப்பன், 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியை அடுத்த பாடி என்னுமிடத்தில் தமிழ்நாட்டு அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய சொந்த ஊரான கோபிநத்தத்தில் கர்நாடக அரசின் சுற்றுலா நிறுவனம் பின்னர்க் காட்டுத் தங்குமுகாம் அமைத்தது. அச்சமும் பயணப்பொருள் ஆகும் என்பதற்கு இது சான்று. தேடுதல் வேட்டைக் காலத்தில் விசாரணைக்கும் சித்திரவதைக்கும் உள்ளான மலையூர் மக்களின் துயரை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைக்க வேண்டியிருந்தது. அம்மக்களின் சொந்த ஊர்களே கதையாக விற்கப்படுகையில், கதையின் பயனில் அவர்க்குப் பங்கு உண்டா என்னும் வினா எழுகிறது.

சிவாவின் நினைவு, வீரப்பனைப் பற்றிய நினைவு, அருவி ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் அமைந்தும் ஒரு பயணத்தால் இணைக்கப்படவில்லை. அருவி மூடப்படும் நாட்களில் திரும்பிச் செல்லும் பயணியரை மாற்றுத்தலம் ஒன்றுக்கு வழிப்படுத்தினால், அந்நாளின் செலவில் ஒரு பகுதியேனும் இம்மாவட்டத்திலேயே தங்கும். ஆற்றுப்படுத்தல் என்னும் பழஞ்சொல்லுக்கு இங்கு நேரடிப் பொருள் உண்டு.

கடற்கரையிலிருந்து ஒரு பாடம்

தொழில் செய்யத் தடை, அத்தடைக்கு ஈடு என்னும் இரண்டையும் தமிழகம் முன்பே அறியும். மீன்வளம் பெருகக் கடலில் விசைப்படகு மீன்பிடிப்புக்கு 2001 முதல் ஆண்டுதோறும் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்த இது 2017 முதல் 61 நாட்களாயிற்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அக்காலத்தில் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. தொகை போதுமா என்பது வேறு வினா. பொதுநன்மைக்காக ஒருவர் தொழிலை நிறுத்தினால் அதன் சுமையைப் பொதுச்சமூகமும் ஏற்க வேண்டும் என்னும் நெறி அங்கு ஏற்கப்பட்டுவிட்டது.

ஒகேனக்கலில் பரிசல் ஓட்டிகளும் தடைக்காலத்துக்கு நிவாரணம் கேட்டு வருகின்றனர். பயணியின் உயிரைக் காக்கவே இத்தடை, அதுவும் பொதுநன்மையே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கடல் தடை நாள் குறித்து வருவது. மீனவர் அதற்கேற்பக் கடனையும் செலவையும் திட்டமிடலாம். ஆற்றுத் தடை நாள் குறிக்காதது. ஒரு மாலை அறிவிப்பில் தொடங்கி எப்போது முடியும் எனத் தெரியாது நீள்வது. ஆகவே கடற்கரை முறையை அப்படியே எடுத்தாளல் இயலாது. நாட்களின் எண்ணிக்கையை முன்னரே வகுப்பதற்கு மாறாக, நிகழ்ந்த தடைநாட்களின் அடிப்படையில் ஈடு கணக்கிடல் பொருந்தும்.

அதற்கான அளவுகோல் கையிலேயே உள்ளது. பிலிகுண்டுலுவில் நாள்தோறும் எடுக்கப்படும் நீரளவு இரு மாநிலங்களும் பயன்படுத்தும் அளவு. குறித்த வரம்பை நீர் கடந்த நாட்கள், வரம்புக்குக் கீழே இறங்கிய நாட்கள் என அதே பதிவேட்டிலிருந்து பிரித்தெடுக்கலாம். இழப்பை மெய்ப்பிக்கும் சுமை கூலியாளரிடமிருந்து நீங்கும். ஆற்றின் அளவே சான்றாகும். பயணியர் செலுத்தும் நுழைவு, வண்டி நிறுத்தக் கட்டணங்களில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கினால், மிகுதி நாட்களின் வருவாய் குறைவு நாட்களைத் தாங்கும். எண்ணெய் தேய்ப்போரும் சமைக்கும் பெண்களும் பரிசல் ஓட்டிகளோடு ஒரே பட்டியலில் பதிவு பெறுவது இதன் முதற்படியாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன வருமாறு. ஒகேனக்கலில் சுற்றுலா, கடத்தற் கருவியான பரிசலைக் காட்சிக் கருவியாக்கி வருவாயை உயர்த்தியது. தொழிலின் நிலைப்பாட்டைக் குறைத்தது. காவிரியின் மாதவாரி நீரளவும் பள்ளி விடுமுறைகளும் பெரிதும் முரண்படுவதால் முழுமையான தொழில் நாட்கள் ஆண்டில் சிலவே. தடைநாட்களின் இழப்பு முதலுடையோரைவிட உடலுழைப்போரையும், அவருள்ளும் பதிவற்ற பெண்களையும் மிகுதியாகத் தாக்குகிறது. பாப்பாரப்பட்டி போன்ற நினைவுத்தலம், அருகிலேயே பயணியர் திரள் இருந்தும் அதனோடு இணைக்கப்படாமையால் பயன் பெறவில்லை.

வறிய ஊருக்குச் சுற்றுலா நன்மை செய்கிறதா என்னும் வினாவுக்கு விடை, கூட்டம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமையில் கிடைக்காது. பரிசல்கள் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்ட செவ்வாய்க்கிழமையில் அவ்வூர் வீடுகளில் உலை வைக்கப்பட்டதா என்பதே விடை. அந்நாட்களை எண்ணத் தொடங்குவது, தமிழகத்தின் சுற்றுலாத்தலங்களைப் பற்றிய இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும்.